டவர் நெரிசலை ஏஜென்டிடம் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொபைல் டவரில் யாருக்கு எப்போது இடம் தருவது என்பதை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கிடம் (முயன்றுபார்த்து, கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துக் கற்கும் ‘ஏஜென்ட்’ என்ற மென்பொருளிடம்) விடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ரிவார்டில், அதாவது அந்த மதிப்பெண்ணில்தான். ‘மொத்த வேகம் கூடினால் ரிவார்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். டவர் பக்கத்தில் இருப்பவருக்கு 50 எம்பிபிஎஸ், செல்லின் (டவரின் சிக்னல் எட்டும் பரப்பின்) ஓரத்தில் இருப்பவருக்கு 5 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் மொத்தம் 27.5. முழு நேரத்தையும் பக்கத்தில் இருப்பவருக்கே கொடுத்தால் 50. ஏஜென்ட் இரண்டாவதைத்தான் கற்றுக்கொள்ளும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்திகூடப் போகாது.

அதனால் ஒவ்வொருவரின் சராசரி வேகத்துக்கும் லாகரிதம் எடுத்து, அதன் கூட்டுத்தொகையைக் குறிக்கோளாக வையுங்கள். ஒருவருடைய வேகம் பூஜ்யத்தை நெருங்கினாலே கூட்டுத்தொகை அதலபாதாளத்துக்குப் போய்விடும். மேலே சொன்ன இருவருக்கும் இந்தக் கணக்கு ஆளுக்குப் பாதி நேரம் என்றே விடை தரும். டவரில் நேரத்தைப் பங்கிடும் ப்ரொபோர்ஷனல் ஃபேர் ஷெட்யூலர் பல வருடங்களாக இதே கணக்கில்தான் ஓடுகிறது. உங்கள் ஏஜென்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும். வரிசையாகச் சுற்றிவரும் ரவுண்ட் ராபினை ஜெயித்துவிட்டோம் என்பது போதாது. சராசரியோடு, கடைசி 5 சதவீதப் பயனர்களின் வேகத்தையும் பாருங்கள்.

அடுத்தது நேரம். எல்டிஇ (4ஜி) ஷெட்யூலர் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை முடிவெடுக்கிறது. துணை அலைகளுக்கு நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு ஓடும் 5ஜியில் ஒரு ஸ்லாட் (நேரத்துண்டு) 0.5 மில்லிசெகண்டுதான். பல நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்து ஓட்ட வழிசெய்யும் ஓ-ரான் கட்டமைப்பில் நியர் ரியல்-டைம் ரிக் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளின் சுற்றோ 10 மில்லிசெகண்ட் முதல் 1 செகண்ட் வரை. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் எடுக்க வேண்டிய முடிவை அங்கே கொண்டுபோய் வைத்தால் எப்போதும் பழைய சிக்னலைப் பார்த்தே முடிவெடுக்கும். ஹேண்டோவர் ஆஃப்செட் (போனை எப்போது பக்கத்து செல்லுக்கு மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் டெசிபெல் அளவு) மாதிரி மெதுவாக மாறும் விஷயங்களை அதற்குக் கொடுங்கள்.

சிமுலேட்டரில் எல்லோரும் இடைவிடாமல் டவுன்லோடு செய்கிறார்கள் என்று வைத்துப் பழக்கினால், விட்டுவிட்டு வரும் நிஜ டிராஃபிக்கில் ஏஜென்ட் தடுமாறும்.

ஓடிக்கொண்டிருக்கும் டவரில் அதைக் கண்டபடி முயன்றுபார்க்க விடவே கூடாது. அந்த நேரத்தில் யாரோ 112க்கு அழைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் பழைய முறையே ஓடட்டும், ஏஜென்ட் சொல்வதைப் பதிவு மட்டும் செய்யுங்கள். பைத்தியக்காரத்தனமான முடிவுகள் இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் அதன் முடிவால் என்ன நடந்திருக்கும் என்பது பதிவில் தெரியாது. அப்புறம் ஒரு சில செல்களில், ஆஃப்செட்டை ஒரு தடவைக்கு 1 டெசிபெல்லுக்கு மேல் மாற்றாதபடி கட்டி விடுங்கள். கால் ட்ராப் கூடினால் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்ப வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து செல்களில் தனித்தனி ஏஜென்ட் வைத்தால், இது போனை அங்கே தள்ளும், அது இங்கே தள்ளும். நடுவில் மாட்டிய போன் பிங்பாங் ஆடும். ஒரு செல்லுக்குப் போன போன் சில நொடிகளிலேயே திரும்பினால் ரிவார்டில் கழியுங்கள். இரண்டு செல்களும் ஒரே சுற்றில் ஆஃப்செட்டை மாற்றவும் விடாதீர்கள்.