வெப்பநிலை வரைபடச் செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?

"1998க்குப் பிறகு பூமி சூடாகவே இல்லை" என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் வரைபடத்தோடு வந்துகொண்டிருந்தது. எண்கள் பொய்யில்லை, தொடங்கிய ஆண்டில்தான் வில்லங்கம். 1998 கடுமையான எல் நினோ ஆண்டு; அதாவது பசிபிக் கடற்பரப்பு சூடாகி, உலக வெப்பநிலையையே தற்காலிகமாக ஏற்றிவிட்ட ஆண்டு. மேட்டில் நின்று பார்த்தால் சுற்றியுள்ளதெல்லாம் பள்ளமாகத்தான் தெரியும்.

ஆகவே வரைபடம் கண்ணில் பட்டதும் முதலில் இடது ஓரத்து ஆண்டைப் பாருங்கள். நாசாவின் உலக வெப்பநிலைத் தரவு இலவசம். இறக்கி, எக்செல்லில் 1998இலிருந்து 2012 வரை ஒரு போக்குக்கோடு (ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே பொதுப்போக்கைக் காட்டும் நேர்கோடு, trendline), 1970இலிருந்து இன்றுவரை இன்னொன்று போடுங்கள். பின்னதில் பத்தாண்டுக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏற்றம் தெரியும். 30 ஆண்டுக்குக் குறைந்த கோட்டை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, எதோடு ஒப்பிட்ட எண்? 2023இன் உலக வெப்பநிலை உயர்வு என்று நாசா சொன்னது சுமார் 1.2 டிகிரி செல்சியஸ், உலக வானிலை அமைப்பு சொன்னது சுமார் 1.45. முரண்பாடு இல்லை. முன்னது 1951–1980 சராசரியோடு, பின்னது 1850–1900 சராசரியோடு ஒப்பிட்டது. இடம் போதாவிட்டால் செய்தியில் முதலில் வெட்டுப்படுவது இந்த வரிதான்.

அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்கும்போது இன்னொரு சறுக்கல். 2.7 ஃபாரன்ஹீட் 'உயர்வு' என்றால் 1.8ஆல் வகுத்தால் போதும்: 1.5 செல்சியஸ். வழக்கம்போல 32ஐயும் கழித்தால் மைனஸ் 16 வந்து நிற்கும்.