விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், கப்பன் பூங்காவை ஒட்டி இருக்கிறது விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருப்பதால், ஒரே மூச்சில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று வருகிறவர்கள் அதிகம். சிலையையும் கல்வெட்டையும் பார்த்த பழக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டே இங்கும் நுழைகிறார்கள். முதல் தவறு அதுதான். இங்குள்ள கருவிகளில் பல இயக்கிப் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டவை. "எதையும் தொடக் கூடாது" என்று வாசலிலேயே பிள்ளைகளை மிரட்டி வரிசையில் ஓட்டிச் செல்லும் ஆசிரியர், வந்த பயனில் பாதியைக் கெடுத்துவிடுகிறார். தொடக் கூடாதவற்றுக்குத் தடுப்போ அறிவிப்போ இருக்கும்; அதைப் பார்த்து நடந்தால் போதும்.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது அடுத்த தவறு. 1962 ஜூலை 14 அன்று நேரு இந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். இதற்குப் பெயர் தந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா மறைந்தது அதே ஆண்டு ஏப்ரலில். மின்சாரம் பற்றிய முதல் கூடம் 1965 ஜூலையில்தான் பார்வைக்கு வந்தது. அங்கிருந்து எஞ்சின், மின்னணுவியல், விண்வெளி, உயிரித் தொழில்நுட்பம், குழந்தைகளுக்கான கூடம் என்று தளம் தளமாக வளர்ந்துவிட்டது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையமும் இதன் கிளைதான். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எஞ்சின் கூடம், வேடிக்கை அறிவியல் கூடம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகளைக் கையாள்வதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். எந்த அறிவியல் மையத்துக்குப் போனாலும் பார்க்கக்கூடிய கையால் சுற்றும் டைனமோவை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஓடிவந்து வேகவேகமாகச் சுற்றுவார்கள், பல்பு எரியும், அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள். பல்பு எரிவதைத்தான் வீட்டிலேயே பார்க்கிறார்களே! சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் நிதானமாகச் சுற்றச் சொல்லுங்கள். கைப்பிடி லேசாகச் சுழலும். அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போடுங்கள். கைப்பிடி சட்டென்று கனக்கும். கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடத் தொடங்கியதும், அதன் காந்த விளைவு சுழற்சியை எதிர்க்கிறது. இரண்டாவது பல்பையும் இணைக்க முடிந்தால் இன்னும் கனக்கும். மின்சாரம் சும்மா வருவதில்லை என்பதை உள்ளங்கையே சொல்லிக் கொடுக்கும் இடம் இது. இதற்காக ஐந்து நிமிடம் வரிசையில் நின்றாலும் தகும்.

எதிரெதிரே நிறுத்திய இரண்டு பெரிய குழிவுத் தட்டுகளில் பேசுகிறவர்கள், நண்பனின் முகத்தைப் பார்த்தபடி பேசிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, அவரவர் தட்டைப் பார்த்து நிற்க வேண்டும். வாயும் காதும் தட்டின் குவியத்துக்கு, அதாவது தட்டில் பட்ட ஒலி வந்து சேரும் இடத்துக்கு, அருகே இருக்க வேண்டும். வளையமோ குறியோ அந்த இடத்தைக் காட்டும். கத்தவே வேண்டாம், முணுமுணுத்தாலே எதிர்த் தட்டில் இருப்பவருக்குக் கேட்கும்.

சுழல் நாற்காலியில், கைகளை மடக்கி வைத்திருக்கும் பிள்ளையை நண்பர்கள் முழுவேகத்தில் தள்ளிவிடுவது ஆபத்து. கைகளை நன்றாக நீட்டிய பிறகு மெதுவாகத் தள்ள வேண்டும். கையை மார்போடு சேர்த்ததும் வேகம் தானாகவே கூடும். தலை சுற்றினால் கையை நீட்டினாலே வேகம் தணிந்துவிடும்.

நிலைமின்சாரத்தால் முடி சிலிர்த்து நிற்கும் காட்சி சில நாட்களில் சரியாக வராது. மழைக்கால ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்துவிடுவதுதான் காரணம். தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னிய பிள்ளைக்கும் முடி எழும்பாது. உலர்ந்த, விரித்த முடி உள்ளவரை முன்னே அனுப்புங்கள்.

ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவில் செய்த மாதிரி இங்கே இருக்கிறது. எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடம் அது. படம் எடுத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். அசல் விமானத்தின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: உயரத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய இறக்கை முன்பக்கம் இருக்கிறது, சக்கரம் கிடையாது, விமானி இடப்பக்கம் குப்புறப் படுத்து ஓட்ட வேண்டும். எஞ்சின் வலப்பக்கம் இருந்ததால், அந்த எடையைச் சமன்செய்ய வலது இறக்கையைச் சுமார் 10 செ.மீ. நீளமாக வைத்தார்கள். எஞ்சினிலிருந்து பின்புறத்து இரண்டு விசிறிகளுக்கும் விசையைக் கொண்டுபோவது சங்கிலி. அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அசல் விமானத்தின் முதல் பறத்தல் 12 விநாடி, 36 மீட்டர்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். காலை 9.30க்குத் திறந்ததும் நுழைந்துவிடுவது நல்லது. பள்ளிப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் காத்திருக்க வேண்டும். முப்பரிமாணக் காட்சி, செய்முறை விளக்கம் இவற்றின் நேரங்களைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாடிக்குப் போய்விட்டு, நேரமாகிவிட்டதென்று கீழே ஓடிவருவதில்தான் பலருக்கும் பொழுது வீணாகிறது. தீபாவளி விடுமுறையில் போவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இந்த அருங்காட்சியகம் தீபாவளியன்றும் விநாயகர் சதுர்த்தியன்றும் மூடியிருக்கும்.