பள்ளி இதழ் வடிவமைப்பு: கணினியைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

ஊடகப் பாடத்துக்கு ஒரு பள்ளி இதழைத் தயாரிக்கச் சொன்னதும் பலரும் முதலில் செய்வது, கணினியைத் திறந்து அட்டைக்கு டெம்ப்ளேட் தேடுவது. நானும் அதைத்தான் செய்தேன். மூன்று நாளில் அட்டை பளபளவென்று முடிந்தது. உள்ளே என்ன வரப்போகிறது என்பது மட்டும் அதற்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தச் செய்முறையில் கணினி நான்காவது படியில்தான் வரும்.

படி 1: வாசகர் யார்?

ஏதாவது ஒரு பள்ளி ஆண்டு மலரைப் புரட்டுங்கள். தாளாளர், தலைமையாசிரியர், சிறப்பு விருந்தினர் என்று வாழ்த்துரைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். ஒரு மாணவியின் கவிதை எங்கோ பின்பக்கத்தில் விளம்பரத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும். அது மேடையில் வெளியிடுவதற்காகச் செய்த மலர்.

இதழ் கைக்கு வந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி என்ன செய்கிறாள் என்று கவனித்துப் பாருங்கள். தன் பெயரைத் தேடுவாள். அடுத்து தோழியின் பெயரை. உங்கள் வாசகர் அவள்தான். வாழ்த்துரைகளை ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள். குழுப்படம் ஒவ்வொன்றுக்கும் கீழே முழுப் பெயர்களையும் போடுங்கள். உள்ளடக்கப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்போடு எழுதியவர் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். புராஜெக்ட் அறிக்கையில் வாசகரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். இந்தக் காரணங்களையே அங்கே எழுதலாம்.

படி 2: டம்மி

டம்மி என்றால் அச்சுக்கு முன் தாளை மடித்துச் செய்யும் மாதிரி இதழ். இதுதான் முக்கியம், பொறுமையாகச் செய்யுங்கள். ஏ4 தாள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்துப் பாதியாக மடியுங்கள். 16 பக்கமுள்ள ஒரு குட்டிப் புத்தகம் கிடைக்கும். பென்சிலால் 1 முதல் 16 வரை எண்ணிடுங்கள். இப்போது தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 16-ம் 1-ம் அருகருகே இருக்கும். அதே தாளின் மறுபக்கத்தில் 2-ம் 15-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 18 பக்க மேட்டர் வைத்திருந்தால் இரண்டு பக்கங்களைக் குறைக்க வேண்டும், அல்லது 20-க்கு நிரப்ப வேண்டும். இன்னொன்று, 8-ம் 9-ம் மட்டுமே உட்புறத்தில் ஒரே தாளாக விரியும் பக்கங்கள். இரு பக்கத்துக்கும் பரவும் பெரிய படத்தை அங்கேதான் வைக்க வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் பாதி முகம் ஒரு தாளிலும் பாதி முகம் இன்னொரு தாளிலும் அச்சாகி, மூக்கு ஓரிரு மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

டம்மியின் ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வரும் என்று எழுதுங்கள். படத்துக்கு ஒரு கட்டம், மேட்டருக்குக் கோடுகள், அவ்வளவு போதும். அழுக்கானாலும் எறிந்துவிடாதீர்கள், அறிக்கையோடு இணைக்க இதைவிட நல்ல சான்று கிடையாது. உண்மையான இதழ் இதைவிட இரண்டு மடங்கு பெரியது: ஏ3 தாளை மடித்தால் ஏ4 பக்கம்.

படி 3: மேட்டரும் படமும்

டம்மியில் காலியாக இருக்கும் இடத்துக்கு மட்டும் மேட்டர் கேளுங்கள். "எதையாவது எழுதிக் கொடுங்கள்" என்றால் 40 பொன்மொழிகள் வந்து சேரும்.

அச்சுக்குப் படம் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். ஏ4 முழுப்பக்கத்துக்கு அது 2480 × 3508 பிக்சல். 12 மெகாபிக்சல் கைபேசியில் நிமிர்த்தி எடுத்த படம் தாராளமாகப் போதும். வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மாணவர் படங்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அட்டைப்படத்துக்கு ஒரே ஒரு மாணவர், மார்பளவு, கண்கள் கேமராவை நோக்கி. தலைக்கு மேல் இதழின் பெயருக்கு இடம் விடுங்கள். உச்சிவெயிலில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழும். வகுப்பறை ஜன்னலோரம் நல்ல இடம்.

படி 4: இனி கணினி

இலவசமாகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6 போதும். பக்க அளவு 210 × 297 மில்லிமீட்டர். ஓரம் வரை போகும் படத்தையும் வண்ணத்தையும் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

எந்த மென்பொருளானாலும் முதலில் "கொக்கு, கோயில், கௌதாரி" என்று தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் அந்த மென்பொருளோ எழுத்துருவோ தமிழுக்கு ஆகாது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவச யூனிகோட் எழுத்துருக்கள். ஓர் இதழுக்கு இரண்டு எழுத்துருக்களே போதும்: தலைப்புக்கு ஒன்று, மேட்டருக்கு ஒன்று.

மேட்டரின் எழுத்தளவு 10 அல்லது 11 புள்ளி, வரி இடைவெளி 15 அல்லது 16 புள்ளி. ஆங்கில இதழ்களைப் பார்த்து பக்கத்தை நெடுக்கில் மூன்று பத்தியாகப் பிரிக்காதீர்கள். "விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்ற ஒரு சொல்லே குறுகிய பத்தியில் ஒரு வரியை அடைத்துவிடும். இரு ஓரமும் சமமாக இழுத்தால் அதற்கு மேல்வரியில் சொற்களுக்கிடையே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இரண்டு பத்தி, இடது ஓரம் மட்டும் சீர்.

படி 5: அட்டை

இப்போது இது எளிது. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இதழின் பெயர், மாதம், ஆண்டு, ஒரு பெரிய தலைப்பு, இரண்டு சிறிய தலைப்புகள். "எங்கள் பள்ளியின் சாதனைகள்" என்ற தலைப்பை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். "சத்துணவுக் கூடத்தில் காலை 9 மணிக்கு என்ன நடக்கிறது?" என்றால் திறப்பார்கள்.

படி 6: மெய்ப்பு

திரையில் பார்த்து மெய்ப்புத் திருத்த முடியாது, தாளில் எடுங்கள். இதழைத் தயாரிக்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பெயர்களை மட்டும் தனியாக, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்: ன, ண, ர, ற, தலைப்பெழுத்து எல்லாம். பிறகு எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் ஆக அச்சகத்துக்குக் கொடுங்கள். ஐந்தாறு பிரதிகள்தான் என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும்.

என் முதல் இதழில் கபடி அணியின் படம் இருந்தது. ஏழு பேர், ஒரே வரிசை. "இடமிருந்து வலம்" என்று போட்டுவிட்டு, பெயர்களை வலமிருந்து இடமாக எழுதியிருந்தேன். நடுவில் நின்ற ஒருவருக்கு மட்டும் சரியான பெயர் அமைந்தது. அந்த இதழை இன்றும் பாராட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.