எஞ்சினை அணைத்த பிறகும் ரீங்காரம் கேட்கிறதா?

கத்திப்பாரா நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து வீடு வந்து காரை அணைத்த பிறகும் பானட்டுக்குள் ரீங்காரம் கேட்கிறதா? பயப்படாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவிட மின்சாரப் பம்ப் உள்ள பல கார்களில், சூடு தணியும்வரை அது சில நிமிடங்கள் ஓடும். பெல்ட்டில் சுழலும் பழைய பம்ப் எஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடும்; நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் சோம்பிப்போகும்.

மின்சாரப் பம்ப்பில் ஒரு வம்பு உண்டு. கெடும்போது பெரும்பாலும் கீச்சிட்டு முன்கூட்டிச் சொல்லாது. வெப்பமானி முள் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

பம்பையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், முதலில் ஃபியூஸ், ரிலே (பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), ஒயர் பிளக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். என் காரில் பிளக்கின் பித்தளை முனை பச்சை பூத்திருந்தது. தெருவில் தேங்கிய மழைநீரின் கைவரிசை. சுத்தம் செய்ததும் பம்ப் ஓடியது.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளியலறை வாளியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்ட் மாற்றினால், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்களா என்றும் கேளுங்கள்.