இணையவழி மனநல ஆலோசனையில் வயதுவந்தோர் செய்யும் தவறுகள்

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப்பணி பார்க்கும் மென்பொருள் ஊழியரும், மயிலாப்பூரில் படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணும் ‘தூக்கமே வருவதில்லை’ என்ற ஒரே குறையோடு ஆலோசகரை நாடலாம். ஆனால் இருவருக்கும் ஒரே வழி பயன்படாது. ஒருவருக்குத் தூங்கும் நேரத்தையே மாற்றியமைக்க வேண்டியிருக்கும். மற்றவருக்கு, இரவில் இரண்டு மணி நேரமாவது பொறுப்பை வேறொருவர் ஏற்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டை அறியத்தான் ஆலோசகர் முதல் அமர்வின் பெரும்பகுதியைக் கேள்விகளில் செலவிடுகிறார். ‘பணம் கட்டியும் ஒரு தீர்வும் சொல்லவில்லையே’ என்று அத்தோடு நின்றுவிடுபவர்கள், தமக்கென்று ஒரு திட்டம் உருவாகும் முன்பே விலகிவிடுகிறார்கள்.

இடத்தைப் பற்றி யோசிக்காமல் தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு என்பேன். ஹெட்போன் ஆலோசகரின் குரலைத்தான் மறைக்கும், நம் குரலை மறைக்காது. இரண்டு அறை வீட்டில், சமையலறையில் மனைவியோ கூடத்தில் தந்தையோ இருக்கும்போது, பதில்கள் ‘ம்’, ‘பரவாயில்லை’ என்று சுருங்கிவிடும். ஆலோசகரோ அந்த அரைகுறைப் பதில்களைக் கொண்டே உங்களைப் புரிந்துகொள்ள முயல்வார். தனியறை இல்லாதது குற்றமல்ல, அதைச் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். சொன்னால், வீட்டில் ஆளில்லாத நேரத்துக்கு அமர்வை மாற்றலாம். நிறுத்திவைத்த காரிலிருந்து (ஓட்டிக்கொண்டு அல்ல) குரல்வழியாக மட்டும் பேசலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தட்டச்சு செய்து அனுப்பலாம். மொட்டைமாடியும் உதவும், பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட யாரும் வராதவரை. ஆலோசகரின் பக்கத்திலும் தனிமை இருக்கிறதா, உரையாடல் பதிவு செய்யப்படுகிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாகவே வகுத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே அதற்கு விலக்கு.

பெரியவர்களை மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் ஆலோசகரிடமும் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். தினமும் காலையில் நாட்குறிப்பு எழுதச் சொன்னால் தலையாட்டிவிட்டு, எழுதாமல், அந்தக் கூச்சத்தில் அடுத்த அமர்வையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஆறு மணிக்குக் குழந்தைக்கு டிபன் கட்ட வேண்டும், எழுத நேரமில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால், மின்சார ரயிலில் போகும்போது இரண்டு நிமிடம் கைப்பேசியில் பேசிப் பதிவதாக அதே பயிற்சி மாறியிருக்கும்.

மொழியிலும் இத்தகைய இணக்கம் தேவையில்லாதது. அலுவலக ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்கூட, அழுகை வரும் இடத்தில் தமிழுக்கு வந்துவிடுவார். ஆகவே தமிழில் அமர்வு நடத்துவாரா என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நோயின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு வந்து ஒப்பிக்காமல், ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘மனசு பாரமாக இருக்கிறது’ என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே அவருக்குப் பயன்படும்.

தகுதியைப் பாராமல் விளம்பரத்தை நம்புவதும் நடக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம், அவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (RCI) பதிவு எண்ணைக் கேட்கலாம். ஆலோசகர் மருந்து எழுதித்தர முடியாது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஆலோசனை தொடங்கிவிட்டது என்பதற்காகத் தாமாக நிறுத்தவும் கூடாது.

அமர்வின்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரம் என்றால் யாரை அழைப்பது என்ற விவரங்களை மறைப்பது ஆபத்தானது, ஏனெனில் திரைக்கு அப்பால் இருப்பவர் ஓடிவந்து உதவ முடியாது. தற்கொலை எண்ணம் எழுந்தால் அடுத்த வார அமர்வுக்காகக் காத்திருக்காமல், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசிவழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். நிலைமை கைமீறினால், உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரில் செல்ல வேண்டும்.