ஃபோர்ஜ்ட் ரிம் ஆர்டர் செய்யும் முன் ஹப்பை அளந்துகொள்ளுங்கள்

மோட்டார் சைக்கிளுக்கு அளவு கொடுத்துச் செய்யச் சொல்லும் அலுமினிய ரிம்மில் தகராறு வந்தால், பெரும்பாலும் அது நடுவில், அச்சும் பேரிங்கும் உட்காரும் ஹப்பில்தான் வரும். தொழிற்சாலை நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணைத்தான் கடைந்து அனுப்பும். எண் பிசகினால் ரிம்மும் பிசகும். திருப்பி அனுப்பவும் முடியாது.

முதலில், அது உண்மையிலேயே ஃபோர்ஜ்ட் தானா என்று கேளுங்கள். 6061 என்ற ரக அலுமினிய உருளையை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பெரிய பிரஸ்ஸில் அழுத்தி உருவம் கொடுப்பதுதான் ஃபோர்ஜிங். உலோகத்தின் இழை அந்த உருவத்தோடு வளைந்து ஓடும். பலம் அங்கிருந்துதான் வருகிறது. அதன்பின் டி6 என்னும் சூட்டுப் பதம்: 530 டிகிரி வாக்கில் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, மீண்டும் 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். முழுக்கட்டியை நேரே சிஎன்சி என்னும் கணினிக் கடைசல் இயந்திரத்தில் குடைந்து எடுத்த ரிம்மையும் சில கடைகள் ஃபோர்ஜ்ட் என்றே விற்கின்றன. அதில் இழை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். அது கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டோம், ஆனால் ஃபோர்ஜ்ட் விலை கொடுக்க வேண்டியதில்லை. வெளிப்பூச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைவதற்கு முந்தைய நிலையின் படம், பதம் போட்ட சான்று, சுமைச் சோதனை முடிவு மூன்றையும் கேளுங்கள். 6061-டி6 பிரினெல் கடின அளவுகோலில் சுமார் 95 காட்டும்.

டயர் அளவை மாற்றாதீர்கள். 120/70-17க்கு 3.50 அங்குல அகலம், 160/60-17க்கு 4.50, 180/55-17க்கு 5.50. யமஹா ஒய்15இசட்ஆர் மோட்டார் சைக்கிள் பின்னால் போடும் 120/70ஐக் குறுகிய ரிம்மில் மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு கூம்பிவிடும். வளைவில் மோட்டார் சைக்கிளைச் சாய்க்கும்போது டயர் சரியாக உட்காராது.

இனி அளவு. பழைய வீலைக் கழற்றி, இரு பக்கத்து ஸ்பேசர் (அச்சில் இடைவெளி விடும் வளையம்) நீளம், அச்சின் விட்டம், ஸ்பேசர் முகத்திலிருந்து டிஸ்க் உட்காரும் முகம் வரையுள்ள தூரம், பின் வீலில் ஸ்ப்ராக்கெட் முகம், அதிர்வு ரப்பர்களின் குழி எல்லாவற்றையும் 0.02 மி.மீ. வெர்னியரில் எடுங்கள். ரிம் ஓரத்தில் நேரான கம்பியை வைத்து, ஹப் முகம் வரை ஆழத்தை இரு பக்கமும் அளங்கள். பல மோட்டார் சைக்கிள்களில் ரிம்மின் நடு, ஹப்பின் நடுவில் இருக்காது. இதை விட்டால் செயின் கோணலாகும். டிஸ்க் போல்ட் வட்டத்தின் விட்டத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு போல்ட்டின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதை இந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்: மூன்று போல்ட் என்றால் 0.866, நான்கு 0.707, ஐந்து 0.588, ஆறு 0.5. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக்) இருந்தால் அதன் வளையம் உட்காரும் ஆழமும் வேண்டும்.

பேரிங்கில்தான் பொறுமை தேவை. பேரிங் எண் 6004 என்றால் வெளிவிட்டம் 42 மி.மீ.; 6202க்கு 35. ஹப் துளை அதைவிட 0.02 முதல் 0.04 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹப்பை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 42 மி.மீ. துளை சுமார் 0.07 மி.மீ. அகலும், ஃப்ரீசரில் வைத்த பேரிங் கையாலேயே இறங்கும். தட்ட வேண்டி வந்தால் வெளிவளையத்தில் மட்டும் தட்டுங்கள். துளை தளர்வாக இருந்தால் வெளிவளையம் சுற்றி அலுமினியத்தைத் தின்னும், ஓரத்தில் கருப்புப் பொடி தெரியும். பசை கொஞ்ச நாள் தாங்கும். லேத்தில் துளையைக் கடைந்து, உள்ளே புஷ் என்னும் உலோக வளையம் போடுவதுதான் தீர்வு.

இரு பேரிங்குக்கும் நடுவிலுள்ள குழாய், ஹப்பில் பேரிங் முட்டி நிற்கும் படிகளுக்கு இடையிலான தூரத்தைவிட 0.1 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். டிஸ்க் பக்கப் பேரிங்கைப் படி வரை இறக்கி, குழாயைப் போட்டு, மறுபக்கத்தைக் குழாயில் முட்டும் வரை மட்டும் இறக்குங்கள். அச்சு நட்டை முறுக்கிய பிறகு வீல் இறுகினால் குழாய் குட்டை. அப்படியே ஓட்டினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

பவுடர் பூச்சுக்குக் கொடுத்தால் பேரிங் குழி, டிஸ்க் முகம், போல்ட் மரை மூன்றையும் மறைக்கச் சொல்லுங்கள். 60 மைக்ரான் பூச்சே டிஸ்க்கைக் கோணலாக்கப் போதும். அடுப்பு 180 டிகிரியைத் தாண்ட வேண்டாம். திரும்பத் திரும்பச் சுட்டால் டி6 பதம் இறங்கும். 7075 என்ற வேறு ரக அலுமினியத்தின் டி6 பதம் 120 டிகிரியில் ஏற்றியது. அதைப் பவுடர் அடுப்பில் வைக்கவே கூடாது, அனோடைஸிங் (மின்சாரத்தால் மேல்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) போதும்.

மாட்டியதும் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஹோண்டா கையேடுகளில் ரிம் ஆட்டத்தின் எல்லை 2.0 மி.மீ.; காசு கொடுத்துச் செய்த புது ரிம்முக்கு 0.5ஐத் தாண்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வால்வு துளை 8.3 மி.மீ.யா 11.3 மி.மீ.யா என்பதை டயர் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். பேலன்ஸ் செய்து, முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் டிஸ்க், ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைக் கையேட்டு முறுக்கத்துக்குச் சரிபாருங்கள். பினாங்கின் கடற்கரைக் காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடம் அரித்து இறுகும், மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

கோலாலம்பூரின் ஃபெடரல் நெடுஞ்சாலை மோட்டார் சைக்கிள் பாதையில் குழியில் விழுந்தால் ஃபோர்ஜ்ட் ரிம் பெரும்பாலும் உடையாமல் வளையும். வளைந்ததைத் தீப்பந்தம் பிடித்து நிமிர்த்துபவரிடம் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் பதம் போய்விடும், அடுத்த குழியில் அங்கேதான் மடங்கும். விரிசலும் கண்ணில் பட்டால் அந்த ரிம்மை மாற்றிவிடுங்கள்.