கட்டட வழக்கின் மேல்முறையீட்டில் வென்றவர்கள் செலவுத் தொகையைக் கோட்டைவிடும் இடங்கள்

வீடு கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் 12 லட்சம் ரூபாய் பாக்கி என்று வழக்குத் தொடுக்கிறார். சுவர் விரிசலையும் தளத்தின் ஒழுக்கையும் காட்டி வீட்டுக்காரர் மறுக்கிறார். விசாரணை நீதிமன்றம் ஒப்பந்தக்காரர் பக்கம் தீர்ப்பளிக்க, மேல்முறையீட்டில் அது ரத்தாகிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பழகியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. 2017 முதல் நடப்பிலுள்ள 3 விழுக்காட்டுக் கணக்குப்படி, இந்த மேல்முறையீட்டுக்கு வீட்டுக்காரர் கட்டிய நீதிமன்றக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 36,000 ரூபாய். வென்றுவிட்டோம், இனி இந்தப் பணம் தானாகக் கைக்கு வந்துவிடும் என்று எண்ணுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, வழக்குக்கு ஆன செலவை யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது. தோற்றவர் தர வேண்டும் என்பதே பொது நெறி. அதிலிருந்து விலகினால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இருந்தும், வாதம் முழுவதும் கம்பியின் கனத்தையும் கலவையின் தரத்தையும் பற்றியே நடந்து முடிந்து, செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காத வழக்குகளில், ‘செலவுத் தொகை இல்லை’ என்ற ஒற்றை வரியோடு தீர்ப்பு வருவது அரிதல்ல. செலவைக் கேட்க வேண்டிய நேரம் தீர்ப்புக்கு முன்புதான். கேட்கும்போதும் ‘செலவுத் தொகையுடன்’ என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது. அதற்கு மேல்முறையீட்டுச் செலவு மட்டும் என்று பொருள்கொள்ள இடமுண்டு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாணையில் (தீர்ப்பின் முடிவை முறைப்படி பதிவுசெய்யும் ஆவணத்தில்) மேல்முறையீட்டுச் செலவையும் அசல் வழக்கின் செலவையும் யார், எந்த விகிதத்தில் ஏற்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 35. ஆகவே ‘இரு நீதிமன்றங்களிலும் ஆன செலவுடன்’ என்று எழுத்துவழி வாதத்திலேயே கோரிவிடுவது நல்லது.

தீர்ப்பைப் படித்து மகிழ்ந்துவிட்டுத் தீர்ப்பாணையின் நகலை வாங்காமல் விடுவது அடுத்த பிழை. பணத்தை வசூலிக்க உதவுவது தீர்ப்பாணையும் அதன் அடியில் உள்ள செலவுப் பட்டியலும்தான். அந்தப் பட்டியலில் கூட்டல் தவறோ எழுத்துப் பிழையோ இருந்தால் 152-ஆம் பிரிவின்கீழ் எப்போது வேண்டுமானாலும் திருத்தம் கோரலாம். செலவு வேண்டாம் என்று நீதிமன்றமே முடிவெடுத்திருந்தால் அது எழுத்துப் பிழை ஆகாது. அப்போது அதே நீதிமன்றத்தை முடிவை மறுபார்வை செய்யக் கோரும் சீராய்வு மனுவைத்தான் நாட வேண்டும்; அதற்கு 30 நாட்கள்தான் உண்டு, அதற்கான காரணங்களும் குறுகியவை.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் ஏமாற்றம் மிகுதி. வழக்கறிஞருக்கு உண்மையில் கொடுத்த தொகை அல்ல, விதிகள் அனுமதிக்கும் கட்டணமே பட்டியலில் ஏறும். நியாயமான உண்மைச் செலவு வழங்கப்பட வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது உண்மை. ஆனால் அதை நம்பி டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில் விதித்த 45 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட செலவுத் தொகையை, விதிகள் அவ்வாறு இடந்தரவில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. பொய்வழக்குக்கான ஈட்டுச் செலவையாவது கேட்கலாமே என்று சிலர் 35-ஏ பிரிவைத் தேடிச் செல்வார்கள். அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய், அதுவும் மேல்முறையீட்டுக்குப் பொருந்தாது. வணிக நீதிமன்றத்துக்கு உரிய கட்டுமான ஒப்பந்த வழக்கானால் நிலைமை வேறு: 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் அங்கே 35-ஆம் பிரிவையே மாற்றியமைத்து, சட்டக் கட்டணங்களையும் சாட்சிச் செலவுகளையும் செலவு என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது.

விதி அனுமதிக்கும் சிறு தொகைகளையும் ரசீது இல்லாமல் இழப்பது வருத்தத்துக்குரியது. அறிவிப்பு அனுப்பிய செலவு, தட்டச்சு, ஆவணப் பார்வை, சாட்சிகளை அழைத்துவந்த செலவு, மேல்முறையீட்டோடு தாக்கல் செய்த நகல்களுக்கான கட்டணம் ஆகியவற்றைக் கட்டளை 20-ஏ பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வழக்கறிஞரின் கட்டணச் சான்று உரிய நேரத்தில் தாக்கலாகாவிட்டால் அந்தக் கட்டணம் பட்டியலில் ஏறாமலே போகலாம். நீதிமன்றம் அமர்த்திக் கட்டடத்தைப் பார்வையிட்ட வழக்கறிஞர் ஆணையருக்குக் கட்டிய தொகையையும் மறக்கக் கூடாது. தாமாக அமர்த்திய பொறியாளரின் அறிக்கைச் செலவைப் பெறுவது கடினம்; அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் சாட்சிச் செலவாகவேனும் கேட்க வழியுண்டு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முதல் தீர்ப்புக்குத் தடையாணை பெறாததால், வீட்டுக்காரர் 12 லட்சத்தையும் ஒப்பந்தக்காரரின் வழக்குச் செலவையும் ஏற்கெனவே கட்டியிருக்கக்கூடும். அதைத் திரும்பப் பெறப் புதிய வழக்குத் தொடுப்பது வீண். 144-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைத் தடை செய்கிறது. முதல் தீர்ப்பாணையை வழங்கிய நீதிமன்றத்திலேயே அதே பிரிவின்கீழ் மீட்பு மனு தாக்கல் செய்து, கட்டிய தொகையோடு வட்டியையும் இழப்பீட்டையும் கேட்க வேண்டும். பலர் அசலை மட்டும் கேட்டு, வட்டியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த செலவுத் தொகையை வசூலிப்பதற்கான நிறைவேற்று மனுவையும் அசல் வழக்கு நடந்த நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். இதற்கு 12 ஆண்டு காலம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். அந்த நினைப்பிலேயே காத்திருக்கையில், எதிர்த்தரப்பு தன் சொத்தை விற்று முடித்திருக்கும். ஒப்பந்தக்காரர் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், மேல்முறையீடு செய்வதாலேயே நிறைவேற்றம் நின்றுவிடாது. தடையாணை வராதவரை மனு நடக்கும்.